பக்கத்து சீட்டில் மூடுபனி

புங்கம்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த வருஷம் ஆடியில் மலையிலிருந்து ஒரு மூடுபனி பஞ்சு குடோன் சம்பூர்ணத்தின் காரில் ஏறி ஊருக்கு வந்து, ஐப்பசி மழை பிடிக்கிறவரைக்கும் முன்சீட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தது என்று; சொல்லும்போது குரலை ஏற்ற மாட்டார்கள், கண்ணை விரிக்க மாட்டார்கள், வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, அந்த வண்டி என்ன மைலேஜ் கொடுத்தது என்பதற்குப் போய்விடுவார்கள். பனி எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று தோண்டித் துருவிய ஆள் ஊரில் கிடையாது. வந்த விருந்தாளியை ஏன் வந்தீர்கள் என்று கேட்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை.

கூட்டிக்கொண்டு வந்தவள் கோகிலாமணி. அவளுக்கு மட்டும் அது விருந்தாளி இல்லை. அது யாரென்று மலைப்பாதையிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று, தெரிந்தும் அடிவாரம் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊரே பனியோடு பேசிக்கொண்டிருந்த மாதங்களில் அவள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

மகளிர் கார் மன்றத்தை ஆரம்பித்தவள் சுலோச்சனா. கோகிலாமணி அண்ணன் சிவராசுவின் மனைவி, சுலோச்சனா தம்பி தங்கராசுவின் மனைவி. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பல வருஷம் இருந்த ஓரகத்திகள். கார் வைத்திருக்கிற வீட்டுப் பெண்களெல்லாம் கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் புருஷனின் இடது பக்கம் அழுந்தி உட்கார்ந்து போய்வந்துகொண்டிருந்த காலத்தில், யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூரில் தங்கை வீட்டில் தங்கி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். வந்த கையோடு ஓரகத்தியைப் பழைய வெள்ளை மாருதியில் ஏற்றி, மூடிக்கிடந்த ரைஸ்மில்லின் சிமெண்ட் களத்துக்குக் கூட்டிப்போய், வலது பக்கம் உட்காரவைத்துவிட்டுத் தான் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கியர் குமிழியைப் பிடித்திருந்த கோகிலாமணியின் கைமேல் தன் கையை வைத்து, முதல், இரண்டு, மூன்று என்று அவள் நகர்த்திய நகர்த்தல் இன்றைக்கும் கோகிலாமணியின் முழங்கை வரைக்கும் இருக்கிறது. பெல்ட்டைப் போடு என்றால் போடமாட்டாள். மாஸ்டருக்கு எதுக்குங்கக்கா பெல்ட்டு என்பாள்.

அப்புறம் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தார்கள். கிணற்று மோட்டார் எந்தப் பக்கம் என்பதில் ஆரம்பித்து, பங்காளிகள் வந்து, வக்கீல் வந்து, கடைசியில் கார் நிறுத்துகிற கொட்டகையின் நடுவிலேயே சுவர் எழும்பிற்று. ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெண்களும் நிறுத்த வேண்டியதாயிற்று. முதலில் அவர்கள் சொன்னதற்காக, அப்புறம் யார் முதலில் பேசுவது என்பதற்காக. ஆனால் மன்றத்தை விட்டு இரண்டு பேரும் விலகவில்லை. ஆடி மாதம் கல்யாணம் காட்சி கிடையாது என்பதால் வருஷாவருஷம் ஆடியில் ஒரு நாள் மன்றத்து வண்டிகள் கோத்தகிரிக்குப் போகும், மலைக்கடைகளில் சால்வையும் மண்சட்டியும் தேன்மெழுகுத் திரியும் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்பும். அந்தப் பயணத்தில் கோகிலாமணி வண்டிக்குப் பின்னாலேயே சுலோச்சனா வண்டி வரும். வளைவில் இவள் ஒரு ஹாரன் கொடுத்தால் பின்னால் இரண்டு சின்ன ஹாரன் பதில் வரும். வருஷம் முழுக்க ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு பேசாதவர்கள், மலைமேல் போகும்போதும் இறங்கும்போதும் அப்படிப் பேசிக்கொண்டார்கள்.

தை மாதம் சுலோச்சனாவுக்கு மஞ்சள் காமாலை என்றார்கள், ஈரல் என்றார்கள், கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். கோகிலாமணி ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள், திரும்ப மாட்டினாள். மறுநாள் எடுத்தாள், மாட்டினாள். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். சுலோச்சனாவை வெள்ளைத் துணியில் கொண்டுவந்து இறக்கியபோது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், அந்த வட்டத்துக்குள் வா என்று இவளை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் போகத் துணிவும் இல்லை. பந்தல் ஓரத்தில் நின்றுவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். அந்த அழுகை வெளியே வரவே இல்லை.

அந்த ஆடியில் மலைக்குப் போவதா வேண்டாமா என்று மன்றத்தில் யோசனை வந்தபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வசந்தாமணிதான் போகத்தான் வேண்டும் என்றாள். மன்றத்துக்கு இப்போது அவள்தான் தலைவி. அவள் ஒன்று சொன்னால் மறுபேச்சு பேசுகிறவர்கள் அவளிடம் படிக்காதவர்களாக இருக்கவேண்டும், அப்படி ஊரில் அதிகம் பேர் இல்லை. விடிந்ததும் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, ஏழெட்டு வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. கோகிலாமணி வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி இடம் காலியாகவே வந்தது. யாரும் சொல்லி விட்டதில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. முதல் வளைவில் அவள் ஹாரன் கொடுத்தாள். பின்னால் பதில் வரவில்லை. அதற்குமேல் எந்த வளைவிலும் அவள் ஹாரனைத் தொடவில்லை.

கடைகளில் வழக்கம்போலக் கூட்டம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை செய்த சால்வைகளை வசந்தாமணி பின்பக்கம் திருப்பிப் பார்த்து முடிச்சு தெரிகிறதா என்று சோதித்தாள். சம்பூர்ணம் தைலக்கடையில் எல்லாக் குப்பியையும் முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போய்க் கடைசியில் ஒன்றும் வாங்காமல் வந்தாள். கோகிலாமணி மூங்கில் கூடைக் கடையில் நின்றாள், மெழுகுத்திரிக் கடையில் நின்றாள், மண்பாண்டக் கடையில் கறுப்புச் சட்டி ஒன்றைக் கையிலெடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். நன்றாக வெந்த சட்டி, கணீரென்றது. போன வருஷம் இதே கடையில் அவள் கீழே வைத்த சட்டியைச் சுலோச்சனா எடுத்துத் தட்டிப் பார்த்து, தனக்கு வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. கோகிலாமணி அந்தச் சட்டியை வாங்கினாள்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதுவும் சுலோச்சனா வைத்துவிட்டுப் போனது. கடையெல்லாம் முடிந்து கிளம்பும்போது அன்றைக்கு வாங்கிய சட்டி ஒன்றில் எல்லோரும் தங்கள் சாவியைப் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். எந்தச் சாவி வருகிறதோ அந்த வண்டியைத்தான் மலையிறக்கவேண்டும். அவங்கவங்க வண்டியை எல்லாரும்தான் ஓட்டுவாங்க, அடுத்தவங்க வண்டியை ஓட்டுனாத்தான் டிரைவரு என்பாள் அவள். அன்றைக்குக் கோகிலாமணியின் புதுச்சட்டியில்தான் குலுக்கினார்கள். அவள் கைக்குச் சம்பூர்ணத்தின் சாவி வந்தது.

இறங்க ஆரம்பித்து இரண்டு மூன்று வளைவு தாண்டியதும் மூடுபனி இறங்கிற்று. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தது. தன் வண்டியாக இருந்தால் எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், சம்பூர்ணத்தின் வண்டியிலோ பொத்தான்கள் கல்யாணத்தில் வைத்த பலகாரத் தட்டு மாதிரி நிறைந்து கிடந்தன. ஒன்றை அழுத்தினாள், பாட்டு வந்தது. அணைத்துவிட்டு இன்னொன்றை அழுத்தினாள், இடதுபக்கக் கண்ணாடி இறங்கிற்று. பனி உள்ளே வந்தது. அவசரப்படாமல், புடவை முந்தானையை ஒதுக்கிக்கொண்டு ஏறுகிற பெண்பிள்ளை மாதிரி ஏறி வந்து சீட்டில் உட்கார்ந்தது. கோகிலாமணி கண்ணாடியை ஏற்றினாள்.

உடனே பெல்ட் போடாதவருக்கு அடிக்கிற மணி பீப், பீப் என்று அடிக்க ஆரம்பித்தது. சீட்டில் சாமான் ஏதும் வைத்திருக்கிறோமா என்று நினைத்தாள். சட்டி, கூடை எல்லாம் பின்னால் இருந்தன. வளைவு வந்தது. மூன்றாம் கியரிலேயே வண்டி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது, அவள் கை கியர்மேல் இருந்தது, அந்தக் கைமேல் சில்லென்று ஒரு கை படிந்து, முழங்கை வரைக்கும் தெரிந்த அந்தப் பழைய நகர்த்தலில் இரண்டாம் கியருக்குத் தள்ளிற்று.

கோகிலாமணி ரோட்டைப் பார்த்தாள். ரோட்டை மட்டும் பார்த்தாள். இடது கையை நீட்டி, ஈரமும் குளிருமாக இருந்த அந்த இடத்துக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்துக் கொளுவியில் மாட்டினாள், மணி நின்றது, அதோடு சரி. அடிவாரம் வரை ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கை வந்து படிந்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பயமாக இருந்தது. பேயைப் பற்றிய பயம் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஏன் வரவில்லை என்று கேட்கிற முகம் இருக்கும் என்கிற பயம். ஊர் வந்ததும் சம்பூர்ணத்தின் பஞ்சு குடோனில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போக வண்டியை எடுத்த சம்பூர்ணம் பக்கத்து சீட்டில் வெள்ளையாய் ஒரு புகை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், மணி அடிப்பதைக் கேட்டாள், நேராக ரபீக் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள். பாய் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“சென்சார்ல ஒரு கொளாறும் இல்லீங்கம்மா. ஆளு உக்காந்திருக்குது, அதான் அடிக்குது. பெல்ட்டை மாட்டிவுட்டு ஓட்டுங்க” என்றார்.

சம்பூர்ணம் அப்படியே செய்தாள். குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் வருவதற்குள், இந்த வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு அதில் ஒரு நாள்கூட ஏறாமல் போன தன் வீட்டுக்காரர்தான் பக்கத்தில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பனி பேசவில்லை, முகம் காட்டவில்லை; ஆனால் அவர் உட்கார்ந்தால் சீட்டு எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியிருந்தது, பாலம் வந்தபோது அவருக்கே உரிய செருமல் ஒன்று கேட்டது. அதற்கடுத்த நாள் அவளுடைய நாத்தனார் ஓட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சீட்டில் அவளுடைய அப்பா இருந்தார். அப்படியாக, யார் ஓட்டுகிறார்களோ அவர்களுடைய ஆள் வந்து உட்காருவார் என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. டிரைவர் வைத்துப் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. செத்தவர்களோடு போகவேண்டும் என்றால் அவரவர்தான் ஓட்டவேண்டும்.

வண்டி என்னுது, உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் பொது என்று சம்பூர்ணம் சொல்லிவிட்டாள். குடோன் வாசலில் முறை வைத்தார்கள். பெட்ரோலை அவரவர் போட்டுக்கொண்டார்கள். அதுவரைக்கும் சைக்கிள்கூட ஏறாத பெண்கள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, எல் போர்டு வண்டியில் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஊர்ந்தார்கள், அவசரமாகப் போகிறவர்களும் பின்னால் ஹாரன் அடிக்காமல் பொறுத்துப்போனார்கள், ஏனென்றால் எதற்காகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கே வந்து நின்றாள், வரிசையில் இருந்தவர்கள் அவளை முன்னால் விட்டார்கள். காலேஜ் வாத்தியார் ஒருவர் ஈரப்பதம் அளக்கிற கருவியோடு வந்து, அளந்தது போதுமென்று வைத்துவிட்டு, செத்துப்போன தம்பியை ஏற்றிக்கொண்டு சத்தி ரோட்டில் வெகுதூரம் போய்வந்தார். ரவுண்டானாவில் நிற்கிற போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒரு நாள் வண்டியை மறித்து, குனிந்து பார்த்து, பக்கத்துல இருக்கறவிங்களுக்கும் பெல்ட்டைப் போட்டுவுடுங்க என்று சொல்லி அனுப்பினார்.

நாளாக நாளாக அதற்கென்று ஒரு முறையும் ஏற்பட்டது. ஓட்டி முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இடதுபக்கக் கதவைத் திறந்து, இறங்கிக்குங்க என்று ஒரு வார்த்தை சொல்லி, கொஞ்சம் நின்றுவிட்டுக் கதவைச் சாத்தவேண்டும். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி பனி வெளியே போய் வெயிலில் கரைந்தது. ஈரச்சாக்கைப் போட்டு மூடினார்கள், வேப்பமர நிழலில் நிறுத்தினார்கள், ஆனாலும் ஆவணியில் தலையணை அளவு இருந்தது புரட்டாசியில் கைக்குட்டை அளவாயிற்று.

கோகிலாமணி போகவில்லை. நீங்கதான கூட்டியாந்தீங்க, உங்களுக்குத்தான் மொத மொறை என்று சம்பூர்ணம் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சொன்னாள். மற்றவங்க போகட்டும் என்று இவள் சொன்னாள். எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் சொன்னது. மனசு பெரிசெல்லாம் இல்லை, மலையிலிருந்து கூடவே வந்தவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி ஓடிவந்தவள் தான் என்று யாரிடம் சொல்வது. குடோன் இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போனாள். பனி குறைகிறது என்று காதில் விழும்போது சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள், மாட்டினாள்.

புரட்டாசி கடைசியில் வசந்தாமணியின் முறை வந்தது. அவள் கடைசிவரை தள்ளிப்போட்டிருந்தாள். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறி, கதவு திறந்திருந்தால் போதும், இறங்கி எந்தப் பக்கமாவது நடந்து போய்விடுகிறவள். கேட்டுக்குப் பூட்டு, வாசலுக்குப் பூட்டு என்று பல வருஷம் வசந்தாமணி பூட்டும் சாவியுமாகவே இருந்து பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு மெல்ல ஓட்டிப்போய் மெல்லத் திரும்பி வந்தாள். இறங்கியவள் யாரையும் பார்க்கவில்லை, இடதுபக்கம் போகவில்லை, வண்டியைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்து, சாவியைச் சம்பூர்ணத்தின் கையில் வைத்துவிட்டு நடந்து போனாள்.

அதற்குப் பிறகு உட்கார்ந்தவர்களுக்கு மணி அடிக்கவில்லை. வெள்ளையாய்க் கண்ணுக்குத் தெரிந்ததும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக ஏறி, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டு, கிளப்பாமலே இறங்கிப் போனார்கள். முடிஞ்சுது, அவங்கவங்க போயிட்டாங்க என்று ஊர் பேசிக்கொண்டது. டிரைவிங் ஸ்கூலில் பாதியில் இருந்தவர்கள் மட்டும் பணம் கட்டியாயிற்றே என்று தொடர்ந்து போனார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழை விட்ட ஒரு சாயங்காலம் தங்கராசு வந்து கோகிலாமணி வீட்டுக் கேட்டில் நின்றார். பாகம் பிரித்த பிறகு அந்தக் கேட்டை அவர் தொட்டதில்லை. அவர் ஈரக் குடையை மடக்கி விரித்து, மடக்கி விரித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துச் சொன்னார்.

“ஆவணியில நானும் ஒருக்கா ஓட்டுனனுங்க அண்ணி. வந்து உக்காந்தா. ஆனா கியர்ல இருக்கற என் கையைப் புடிச்சுப் புடிச்சுத் தள்ளிக்கிட்டே வந்தா. எனக்கு அவ ஒருநாளும் வண்டி சொல்லிக் குடுத்ததில்லீங்க. நீங்கதான் ஓட்டறீங்கன்னு நெனச்சுட்டாளாட்டம் இருக்குது.”

இதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்கவேண்டும், சொல்ல மனசு வரவில்லை, இப்போது எல்லாம் முடிந்துபோன பிறகு சொல்கிறேன் என்றார். குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

கோகிலாமணி மறுநாள் மத்தியானம் குடோனுக்குப் போனாள். சம்பூர்ணம் அவளைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய், இத்தனை நாள் கழிச்சு வர்றீங்களே, இப்ப அதுல ஒண்ணுமே இல்லீங்களே என்றாள். தெரியும், ஒருக்கா ஓட்டிக்கறேன் என்றாள் கோகிலாமணி. சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாள். உள்ளே பனியின் ஈர வாசனைகூட இல்லை, சாதாரணக் கார் வாசனை. பின்சீட்டில் அவளுடைய கறுப்புச் சட்டி அப்படியே இருந்தது. பக்கத்து சீட்டு வெறுமையாக இருந்தது. வண்டியைக் கிளப்பினாள். மணி அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரிந்தும் குளத்து மேடு வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டேதான் போனாள்.

ரைஸ்மில் களத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, சிமெண்ட் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. அன்றைக்குச் சுற்றிய அதே வட்டத்தில் முதல் கியரில் ஒரு சுற்று, இரண்டாம் கியரில் ஒரு சுற்று என்று சுற்றினாள். கைமேல் ஒரு கையும் படியவில்லை. யாரும் இல்லை என்று ஆனதும் அவளுக்குப் பேச்சு வந்தது. இருக்கிறவர்களிடம் பேச முடியாமல் போனதையெல்லாம் இல்லாத சீட்டைப் பார்த்துச் சொன்னாள். மோட்டாரைச் சொன்னாள், சுவரைச் சொன்னாள், மலையில் அந்த இரண்டு சின்ன ஹாரனுக்காகவே வருஷம் பூரா காத்திருந்ததைச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக்கு வரோணும்னு சாவியைக் கையில எடுத்தேன் சுலோ. எடுத்தெடுத்து மாட்டுனேன். வண்டி ஓட்டத் தெரியாதவளா இருந்தா யாரும் கூட்டிட்டுப் போகலைன்னு சொல்லியிருப்பேன். எனக்கு ஓட்டத் தெரியும். நீதான் சொல்லிக் குடுத்தே. சொல்லிக் குடுத்தவகிட்ட வர்றதுக்கு எனக்குக் காலு வரலை.”

பந்தல் ஓரத்தில் நின்றபோது வராத அழுகை வந்தது. வண்டியைக் களத்தின் நடுவில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, தனியாக, யாரும் கட்டிக்கொள்ளாமல், சத்தம் போட்டு அழுதாள். அழுது ஓய்ந்து மூக்கை முந்தானையில் துடைத்தபிறகு, ஊர் வைத்திருக்கிற முறை ஞாபகம் வந்தது. ஆள் இல்லாவிட்டாலும் முறையை விடவேண்டாம் என்று தோன்றியது. இறங்கிக்கோ சுலோ என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டி, காலி சீட்டின் குறுக்கே கிடந்த பெல்ட்டின் கொளுவியை அழுத்தினாள்.

பெல்ட் சரக்கென்று மேலே சுருண்டது. பீப், பீப் என்று மணி அடிக்க ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கிற்று. அந்த சீட்டில் பெல்ட் குறுக்கே கிடப்பது எல்லோர் கண்ணுக்கும் பழகிப்போயிருந்தது. அம்மா இறங்கி எங்கேயும் போய்விடக் கூடாது என்று வசந்தாமணி மாட்டிய பெல்ட்டைக் கழற்றாமலே பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பெல்ட் மாட்டியிருந்தால் மணி எப்படி அடிக்கும். மணி அடிக்கவில்லை என்றுதான் இத்தனை பேர் எழுந்து போனார்கள். குளத்து மேட்டிலும், களத்திலும், அவள் சுற்றிய ஒவ்வொரு சுற்றிலும், சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும், பக்கத்து சீட்டில் ஆள் இருந்திருக்கிறது. கியர்மேல் கை வைக்காமல், மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

கோகிலாமணி இடதுபக்கம் தலையைத் திருப்பினாள். மலையில் திருப்பாத தலையைத் திருப்பி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வெள்ளையாக ஒன்றும் இல்லை. சீட்டு மட்டும் அமுங்கியிருந்தது, முன்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக, ரோட்டை எட்டிப் பார்க்கிறவர்கள் உட்காருவதுபோல. கியர்மேல் இருந்த அவள் கை சில்லிட்டது. அவள் கிளட்ச்சை மிதித்தாள்.

ஊருக்குள் வண்டி மணி அடித்துக்கொண்டே வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள், குடோன் வாசலில் சம்பூர்ணம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள், தன் வீட்டுக் கேட்டில் வசந்தாமணி பூட்டைப் பிடித்தபடியே நின்றாள். ரவுண்டானாவில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, குனிந்து இடதுபக்கம் பார்த்தார். அங்கே அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஆனாலும் அவர் கேட்டார், பக்கத்துல இருக்கறவிங்க பெல்ட்டுப் போடலீங்களா அம்மா என்று.

“மாஸ்டருக்கு எதுக்குங்க பெல்ட்டு” என்றாள் கோகிலாமணி.

ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு, இரண்டாம் கியரில், கொட்டகைச் சுவர் இருக்கிற தெருவுக்கு வண்டியைத் திருப்பினாள்.